பேசாத பெட்டி

ஒட்டுக்கேட்பது நல்ல பழக்கமல்ல என்று குழந்தைப் பருவத்திலேயே நமக்குப் போதித்திருக்கிறார்கள். கதவின் பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொள்ளும் பேர்வழியை நம் வீடுகளில் எவரும் கௌரவமாக நடத்துவதில்லை. அதிலும் போலீஸார் பேசுவதை ஒட்டுக்கேட்பது என்றால் சொல்லவே வேண்டாம். நம் தேசத்தில் வழக்கம் நெடுங்காலம் நேர்மாறாக இருந்தது. சுதந்திரப் போராட்டக் காலத்தில் எங்கே பொதுக்கூட்டம் நடந்தாலும் மேடைக்குப் பக்கத்தில் ஸி.ஐ.டி. சுருக்கெழுத்துக்காரர் பென்ஸிலும் கையுமாக உட்கார்ந்திருப்பார். ஜனங்கள் பேசுவார்கள், போலீஸார் கேட்பார்கள். உலகத்தின் நடைமுறையே இதுதான் என்று நம்மவர் பலர் எண்ணியிருந்ததில் வியப்பில்லை.

இதைத் தலைகீழாக்கி, போலீஸார் பேச ஜனங்கள் கேட்கும் வழக்கம் ஒரு பெரிய தேசத்தில் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பகிரங்கமாக நடந்து வந்திருக்கிறது. அமெரிக்காவைத்தான் சொல்கிறோம். அந்த வழக்கம் அங்கே இப்பொழுது நகரம் நகரமாக முடிந்து வருகிறது. "அதனால் நமக்கென்ன நஷ்டம்?" என்று நேயர்கள் கேட்கலாம். நேரான நஷ்டம் ஒன்றுமில்லைதான். ஆனால் ஸர்க்காருக்கும் குடிகளுக்கும் நடுவேயுள்ள கதவு எவ்வளவு தூரம் திறந்திருக்க வேண்டும் என்ற கேள்வி எல்லாத் தேசத்தாருக்கும் பொதுவானது. அன்றியும், இந்த மாறுதலால் மனம் நொந்த ஒரு மனிதரை நாம் நேரில் அறிவோம்.

முதலில் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். டெட்ராய்ட் நகரத்துப் போலீஸார் 1922-ஆம் ஆண்டிலேயே மோட்டார் வண்டிகளுக்கு ரேடியோவில் செய்தி அனுப்பிப் பார்த்தார்கள். அந்த நிலையத்துக்குக் கிடைத்த அடையாள எழுத்துக்கள் கே.ஓ.பி. போலீஸ்காரரை அமெரிக்கர் கொச்சையாகக் 'காப்' என்று அழைப்பார்கள். அந்த ஓசையே இதிலும் கேட்கிறது! ஆனால் அக்காலத்து விதிகளின்படி அதற்கு வழங்கப்பட்டது கேளிக்கை நிலையத்தின் லைஸென்ஸ். ஆகவே திருட்டுப்போன வண்டிகளின் நம்பர்களுக்கு நடுவே சங்கீதமும் ஒலிபரப்பினார்கள். குலுங்கி ஓடும் மோட்டாரில் ரேடியோ ஒழுங்காகக் கேட்கவும் இல்லை. பல தோல்விகளுக்குப் பிறகு 1928 ஏப்ரல் மாதத்தில்தான் முயற்சி பலித்தது. 1933-இல் நியூஜெர்ஸியைச் சேர்ந்த பேயோன் நகரத்தில், வண்டியிலிருந்தும் பதில் பேசக்கூடிய இருவழி ரேடியோ வந்தது.

அந்நாளில் போலீஸாரின் அலைவரிசைகளில் பல, சாதாரண ஒலிபரப்பு அலைகளுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தன. ரேடியோப் பெட்டியின் முள்ளைக் கொஞ்சம் தள்ளினால் போலீஸ்காரரின் குரல் வந்துவிடும். பெட்டி செய்யும் கம்பெனிகள் இதை மறைக்கவில்லை. முள் ஓடும் வட்டத்தில் அந்த இடத்துக்கு நேராகப் 'போலீஸ்' என்று அச்சிட்டே விற்றார்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் குடும்பத்தோடு உட்கார்ந்து நாடகம் கேட்பது போல, தங்கள் ஊரில் என்ன கலாட்டா என்று கேட்டவர்கள் உண்டு. நியூயார்க்கில் ஆர்தர் ஃபெல்லிக் என்னும் புகைப்படக்காரர் 1938-ஆம் வருஷத்தில் அனுமதி பெற்றுத் தமது மோட்டாரில் போலீஸ் ரேடியோவை வைத்துக்கொண்டார். விபத்து, தீ, கொலை ஆகிய எல்லா இடங்களுக்கும் அவர் வெகு சீக்கிரத்தில் போய்ச் சேர்ந்துவிடுவார். 'வீஜீ' என்ற பட்டப்பெயரில் அவர் எடுத்த படங்கள் இன்று காட்சிசாலைகளை அலங்கரிக்கின்றன.

பிற்காலத்தில் போலீஸார் வேறு அலைவரிசைகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். கேட்பவர்கள் விடவில்லை. பல அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் துழாவி, எங்கே பேச்சுக் கேட்கிறதோ அங்கே நின்றுகொள்ளும் 'ஸ்கானர்' என்னும் கருவி சந்தைக்கு வந்தது. ஆரம்பத்தில் ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஒரு படிகத் துண்டை விலைக்கு வாங்கிப் பெட்டிக்குள் செருக வேண்டும். பின்னர் எண்ணைத் தட்டினால் போதும் என்றாயிற்று. அதன் பிறகு போலீஸார் ஒரே அலைவரிசையில் நில்லாமல், காலியாக இருக்கும் வரிசைக்கு வாக்கியத்துக்கு வாக்கியம் தாவிப் பேசும் முறையைக் கைக்கொண்டார்கள். 1997-இல் அந்தத் தாவலையும் பின்தொடரும் ஸ்கானர் கடைக்கு வந்துவிட்டது! பூனையும் எலியும் போல் நடந்த இந்த ஓட்டத்தில் இரு தரப்பாருக்கும் விரோதம் இருந்ததாகத் தோன்றவில்லை. சட்டமும் இடம் கொடுத்தது. பொது மக்களின் கருவிக்கு எளிதில் எட்டும் போலீஸ், தீயணைப்புச் செய்திகளைக் கேட்பது குற்றமல்ல என்று 1986-ஆம் வருஷத்துச் சட்டம் தெளிவாகக் கூறுகிறது. ஆனால் அதே சட்டத்தில், மறையாக்கப்பட்ட செய்தி 'எளிதில் எட்டும்' செய்தி ஆகாது என்றும் எழுதியிருக்கிறது. அந்தச் சிறு வாக்கியத்தில்தான் இன்றைய துன்பத்தின் வித்து இருந்தது.

நம்முடைய மகளும் மாப்பிள்ளையும் சிகாகோ நகரத்தில் வசிக்கிறார்கள். 2018-ஆம் வருஷம் அங்கே சென்று மூன்று மாதம் தங்கியிருந்தோம். பகலில் இருவரும் வேலைக்குப் போய்விடுவார்கள். நம் வீட்டம்மாளுக்குச் சமையலறையும் பேரக்குழந்தையும் இருந்தன. நமக்கோ பொழுது போவது பெரும்பாடாயிருந்தது. அப்போது அடுத்த வீட்டுப் பெரியவர் நமக்குச் சிநேகமானார். ரயில்வேயில் நெடுநாள் உழைத்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், எண்பதை நெருங்கும் வயது. "என்னோடு வந்து நகரத்தைக் கேட்கிறீர்களா?" என்று ஒருநாள் அழைத்தார். நகரத்தைப் பார்க்கத்தான் அழைப்பார்கள். கேட்க அழைக்கிறாரே என்று வியந்துகொண்டே போனோம்.

வீட்டின் நிலவறையில் ஒரு மேஜை. அதன்மேல் நான்கு ஸ்கானர்கள். சுவரில் சிகாகோவின் பெரிய படம். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம். பெட்டியைத் திருகினார். ஒரு ஸ்திரீயின் குரல் கேட்டது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து வண்டிகளுக்கு உத்தரவு கொடுக்கும் உத்தியோகஸ்தை அவள். கேட்கும்போது துப்பாக்கிச் சண்டையையும் மோட்டார்த் துரத்தலையும் எதிர்பார்த்தோம் என்பதை மறைப்பானேன்? வந்த செய்திகளோ இவை: மூன்றாம் மாடிக் கிழவி இரண்டு நாளாகக் கதவைத் திறக்கவில்லை, போய்ப் பார்க்கவும், கடை வாசலில் இருவர் வாக்குவாதம், ஐந்து வயதுக் குழந்தை ஒன்று பஸ் நிற்கும் இடத்தில் தனியாக அழுகிறது, சந்திப்பில் இரண்டு வண்டிகள் மோதிக்கொண்டன, காயம் இல்லை. குழந்தையின் தாயார் வந்துவிட்டாள் என்ற பதில் வந்தபோது பெரியவர் நோட்டுப் புத்தகத்தில் ஒரு கோடு கிழித்தார். நாமும் பெருமூச்சு விட்டோம்.

பிறகு வாரத்தில் இரண்டு மூன்று மாலைகள் அங்கேயே கழிந்தன. சிகாகோவைப் பற்றி நம் ஊர்ப் பத்திரிகைகளில் படித்ததெல்லாம் கொலையும் கொள்ளையுந்தான். அந்தப் பெட்டியின் வழியாக நாம் அறிந்த சிகாகோ வேறு. அதில் பெரும்பாலும் முதுமையும் தனிமையும் வறுமையும் மறதியும் இருந்தன; அவற்றினிடையே இரவு முழுதும் அலுக்காமல் போய்வரும் மனிதர்களும் இருந்தார்கள். சில சமயம் போலீஸ்காரர் பேசிய தோரணை நமக்குப் பிடிக்கவில்லை. பெரியவருக்கும் பிடிக்காது. "இப்படிப் பேசினால் யாரோ கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும், தெரிந்தும் இவ்வளவு என்றால், தெரியாவிட்டால் எப்படி?" என்றார். அந்தக் குரலுக்குரிய ஸ்திரீயை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆயினும் அவளுக்கு ஜலதோஷம் பிடித்தால் அவருக்குத் தெரிந்துவிடும். லீவு எடுத்தால் தெரிந்துவிடும். பன்னிரண்டு வருஷப் பழக்கம்!

மறுபடியும் 2023-இல் நாம் சென்றபோது நிலவறையில் மூன்று பெட்டிகள் மௌனமாயிருந்தன.

சிகாகோப் போலீஸார் 2022-ஆம் ஆண்டில் தங்கள் ரேடியோவை மண்டலம் மண்டலமாக மறையாக்கத்துக்குள் கொண்டுபோய்விட்டார்கள். இந்த வித்தை இன்னதென்று நேயர்களுக்குச் சொல்ல வேண்டும். இக்காலத்துப் போலீஸ் ரேடியோ குரலை அப்படியே அனுப்புவதில்லை. எண்களாக மாற்றி அனுப்புகிறது. அந்த எண்களை ஒரு ரகசியச் சாவியோடு கலந்து குழப்பிவிடுகிறார்கள். அதே சாவி உள்ள ரேடியோவில்தான் குழப்பம் தெளிந்து மறுபடி குரலாகும். மற்றவர் காதில் வெறும் கரகரப்பு. புது ஸ்கானர்களில் அதுவும் இல்லை, நிசப்தந்தான். சாவி என்பது 78 இலக்கம் வரை போகக்கூடிய ஓர் எண். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் யுகங்கள் போதா. ஆகவே முந்திய பூனை எலி ஓட்டம் இத்துடன் முடிந்தது. எவ்வளவு விலை கொடுத்துப் பெட்டி வாங்கினாலும் இனிப் பிரயோஜனமில்லை.

நகரத்தார் ஒரு சலுகை காட்டினார்கள். அரைமணி நேரம் தாமதித்து அதே பேச்சை இன்டர்நெட் வழியாக ஒலிபரப்ப ஏற்பாடு செய்தார்கள். அதைக் கேட்கிறாரா என்று பெரியவரை வினவினோம். "கேட்டுப் பார்த்தேன். அவள் குரல்தான். ஆனால் அவள் கவலைப்படுவதெல்லாம் அரைமணிக்கு முன்பே தீர்ந்துபோன கவலை. இப்போது எதற்காகக் கவலைப்படுகிறாள் என்று எனக்குத் தெரியவில்லையே!" என்றார்.

மனிதரின் வருத்தம் உண்மையானது. ஆனால் ஒருவருடைய பொழுதுபோக்குக்காகப் போலீஸாரின் காரியம் கெடலாமா? அவர்கள் கட்சியையும் நியாயமாகக் கேட்க வேண்டும். திருடனும் ஸ்கானர் வாங்கலாம். போலீஸ் எந்தத் தெருவில் வருகிறது என்று கேட்டுக்கொண்டே வேறு தெருவில் தப்பலாம். 2020-ஆம் வருஷக் கலகங்களின்போது சிகாகோவில் வெளியார் சிலர் போலீஸ் அலைவரிசையில் புகுந்து பாட்டும் கூச்சலுமாகக் குறுக்கிட்டார்கள். இவற்றைக் காட்டிலும் கனமான காரணம் ஒன்று உண்டு. ரேடியோவில் பேசப்படுவது போலீஸாரின் ரகசியம் மட்டுமல்ல. அவர்களிடம் உதவி தேடிய ஜனங்களின் ரகசியமும் அதில் இருக்கிறது.

இதற்குச் சாட்சி வேறு எங்கும் தேட வேண்டியதில்லை, பெரியவரே சொன்னார். இருபது வருஷங்களுக்கு முன், வேறொரு சிற்றூரில் அவர் குடியிருந்தபோது, மனைவி ஸ்நான அறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். உதவிக்குப் போன் செய்துவிட்டு, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த அவருடைய சொந்த ஸ்கானர் அவர்கள் வீட்டு நம்பரையும் தெருவையும், அவள் வயதையும், அவளுக்கு இருந்த நோயையும் கணீரென்று படித்தது! மறுநாள் அண்டை வீட்டார் சாப்பாடு கொண்டுவந்தார்கள்; வீட்டைக் கூட்டிப் பெருக்கிக் கொடுத்தார்கள். கடைவீதியில் ஒருத்தி, வெளியே சொல்லக்கூடாத அந்த நோயைப் பற்றி நாலு பேர் முன்னால் விசாரித்தாள். "அந்தச் சாப்பாட்டையும் அவள் மறக்கவில்லை, அந்த விசாரணையையும் மறக்கவில்லை. பெட்டியை மாத்திரம் நிலவறைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அது கீழேதான் இருக்கிறது" என்றார்.

இதைக் கேட்ட பிறகு நமக்கு உடனே ஒரு பக்கம் சேர்ந்து பேச வாய் வரவில்லை. கேட்கும் காதுகள் எல்லாம் நல்ல காதுகள் அல்லவே! 2013 ஏப்ரலில் பாஸ்டன் நகரத்தில் வெடிகுண்டு வைத்தவர்களைப் போலீஸார் தேடிய இரவில், எண்ணிறந்த ஜனங்கள் ஸ்கானர்ப் பேச்சை இன்டர்நெட்டில் கேட்டார்கள். கேட்டதைப் பரப்பி எங்கள் ஆட்களை ஆபத்தில் மாட்டிவிடாதீர்கள் என்று போலீஸார் வேண்டிக்கொள்ளும்படி ஆயிற்று. காணாமற்போயிருந்த ஒரு மாணவனின் பெயரை ஸ்கானரில் கேட்டதாக வதந்தி கிளம்பி உலகமெல்லாம் ஓடியது. ஸ்கானரில் அப்பெயர் சொல்லப்படவே இல்லை. அவனுக்கும் அந்தக் குற்றத்துக்கும் சம்பந்தமும் இல்லை. அந்தக் குடும்பத்தார் பட்ட வேதனையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எனினும் நோய்க்குத் தக்கபடி மருந்து இருக்க வேண்டும் அல்லவா? கலிபோர்னியா மாகாணத்தில் 2020 அக்டோபரில் ஸர்க்கார் ஓர் உத்தரவு பிறப்பித்தார்கள். தனி மனிதரைப் பற்றிய அந்தரங்க விவரங்கள் ரேடியோவில் வெளிப்படக் கூடாது. அதற்காக முழுப் பேச்சையும் மறையாக்கலாம், அல்லது அவ்விவரங்களை மட்டும் வேறு வழியில் அனுப்பலாம் என்பது அதன் சாரம். பாலோ ஆல்டோ நகரம் முதல் வழியைப் பிடித்து 2021 ஜனவரியில் கதவைச் சாத்தியது. ஜனங்களும் பத்திரிகைக்காரரும் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். புதிதாக வந்த போலீஸ் தலைவர் யோசித்தார். 2022 செப்டம்பரில் கதவு மறுபடி திறந்தது. பெயரையும் லைஸென்ஸ் நம்பரையும் ஒருங்கே சொல்ல நேர்ந்தால் டெலிபோன் முதலிய வேறு சாதனங்கள் இருக்கின்றன என்று கண்டுகொண்டார்கள். பூட்டு ஒன்றுதான் மருந்து என்பது இதனால் பொய்யாயிற்று.

பூட்டிவிட்டால் கவலை தீர்ந்தது என்பதும் சரியல்ல. பென்ஸில்வேனியா ஸர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் 2011-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், மத்திய ஸர்க்காரின் துப்பறிவாளர் தங்கள் ரேடியோ மறையாக்கத்தில் இருப்பதாக நம்பிக்கொண்டு வெட்ட வெளிச்சமாகப் பேசிய சம்பவங்களை எடுத்துக் காட்டினார்கள். சிறு பெண்கள் விளையாடும் பொம்மைக் கருவி ஒன்றைத் திருத்தி அமைத்து, அந்த ரேடியோக்களின் பேச்சையே அடைக்க முடியும் என்றும் நிரூபித்தார்கள்!

இந்தப் பூட்டுக்களின் சரித்திரத்திலேயே ஒரு நீதி அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. அமெரிக்கப் போலீஸார் இன்று கையாளும் மறையாக்க முறை, பெல்ஜியம் தேசத்து அறிஞர் இருவர் கண்டது. உலகத்துக் கணித நிபுணர்களெல்லாம் உடைத்துப் பார்க்கட்டும் என்று பகிரங்கப் போட்டி நடத்தி, அதில் தேறிய பிறகே 2001-இல் அதை அங்கீகரித்தார்கள். சாவிதான் ரகசியம், பூட்டின் அமைப்பு எவரும் படிக்கலாம். ஐரோப்பாவிலோ 'டெட்ரா' என்னும் போலீஸ் ரேடியோ முறைக்குரிய பூட்டுக்களின் அமைப்பையே ரகசியமாக வைத்துக்கொண்டார்கள். பல ஆண்டுகள் எவரும் பரிசோதிக்கவில்லை. 2023-இல் ஹாலந்து ஆராய்ச்சியாளர் உள்ளே நுழைந்து பார்த்தபோது, அவற்றில் ஒரு வகை வெளியே சொன்ன பலத்தில் பாதிகூட இல்லாமல், சாதாரணக் கம்ப்யூட்டருக்கே இணங்கும்படி இளைத்திருந்தது தெரியவந்தது. வெளியார் கண்ணுக்குத் திறந்திருந்த பூட்டு பலமாக நின்றது. மூடி வைத்த பூட்டு துருப்பிடித்தது. பூட்டுக்கே இது பொருந்துமானால், பூட்டுக்குப் பின்னால் இருக்கும் உத்தியோகஸ்தர்களுக்கு ஏன் பொருந்தாது?

இங்கிலாந்தில் பிறருக்குரிய ரேடியோச் செய்தியைக் கேட்பது வெகுகாலமாகவே குற்றம். அதனால் அந்த ராஜ்யம் கவிழ்ந்துவிடவில்லை என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஒருநாளும் இல்லாத உரிமை வேறு. இருந்து பறிபோகும் உரிமை வேறு. வீஜீ படம் பிடித்த நியூயார்க்கிலேயே 2023 ஜூலையில் புரூக்லின் பகுதியில் மறையாக்கம் ஆரம்பமாயிற்று. புது ரேடியோ முறைக்குச் சுமார் 39 கோடி டாலர் செலவு என்று அந்நகரத்தார் தெரிவித்தார்கள். செலவு குடிகளுடையது, சாவி மட்டும் அவர்களுடையதல்ல! ஒரு சம்பவம் நடந்தது என்பதையே போலீஸார் சொல்லித்தான் பத்திரிகை அறிய வேண்டுமானால், சொல்லப் பிரியமில்லாத சம்பவத்தின் கதி என்ன? அரைமணி தாமதம் என்பது கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும். தீப்பற்றிய தெருவில் வசிப்பவருக்கு அது சிறிதல்ல.

நம்முடைய அபிப்பிராயம் இதுதான். துப்பறிவோர் வலை விரிக்கும்போது பேசும் பேச்சுக்குப் பூட்டு வேண்டும். உதவி கேட்டவரின் பெயரும் நோயும் காற்றில் பறக்கவே கூடாது. ஆனால் எந்தத் தெருவுக்கு எந்த வண்டி போகிறது, எதற்காகப் போகிறது, எப்போது திரும்பியது என்ற பொதுப் பேச்சு பொதுவிலேயே இருக்கட்டும். யாரோ ஒரு கிழவர் நிலவறையில் உட்கார்ந்து கேட்கிறார் என்ற நினைவு உத்தியோகஸ்தருக்கு இருப்பது நல்லது. நம்முடைய மேடைகளின் அருகே சுருக்கெழுத்துக்காரர் உட்கார்ந்திருந்த நாட்களில் நம் தலைவர்கள் அதற்காகப் பேச்சை நிறுத்திவிடவில்லை; வார்த்தைகளை நிறுத்துப் பேசினார்கள். அந்தப் பயிற்சி மறு தரப்பாருக்கும் நன்மையே செய்யும்.

ஊருக்குப் புறப்படுமுன் பெரியவரிடம் விடைபெறச் சென்றோம். நான்காவது பெட்டி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. ஓஹேர் விமான நிலையத்தில் இறங்கும் விமானங்களுக்கும் கட்டுப்பாட்டு நிலையத்துக்கும் நடக்கும் சம்பாஷணை அது. ஆகாய விமானத்தாரின் பேச்சு இன்னும் மறையாக்கத்துக்கு உட்படவில்லை. ரயில்வேக்காரரின் பேச்சும் பெரும்பாலும் அப்படியே. "முப்பதாயிரம் அடி உயரத்தில் போகிறவன் சௌக்கியமா என்று எனக்குத் தெரியும். அடுத்த தெருவில் ஆம்புலன்ஸ் ஏன் நிற்கிறது என்றுதான் தெரியவில்லை" என்று சிரித்தார். பிறகு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, நாம் ஏறப்போகும் விமானத்தின் நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.